நீலக்குருவிக்கு மாற்று

இந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம், மேடம். குறைக்க வேண்டாம், எனக்குப் பழக்கம்தான். என் பேட்ஜ் அறையையும் இப்படித்தான் வைத்திருப்பேன். ஆர்லாண்டோ வெயிலில் எனாமல் மங்கிவிடும்.

நான் சேர்ப்பது எல்லா பேட்ஜும் அல்ல. கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிற கூட்டம் கோட்டையும் ராட்டினமும் போட்டதை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளும். எனக்கு அவை குப்பை. திரைமறைவுக் கலைஞர்களுக்கென்று பூங்கா ஒரு வரிசை வெளியிடுகிறது. குகைச் சுவருக்கு வண்ணம் தீட்டியவர், பேய்க்குப் பாவாடை தைத்தவர் என்று ஆளுக்கொரு பேட்ஜ். அந்த வரிசைதான் என் உயிர். பேர் தெரியாமல் உழைத்தவர்களை மதிக்கத் தெரிந்தவன் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரோவீனா டட்டில் அப்படி ஒருவர். படகுச் சவாரியில் பாடும் இயந்திரக் குருவிகளுக்கு இறகு ஒட்டியே வாழ்நாளைக் கழித்தவர். அவர் பேரில் நீலக்குருவி பேட்ஜ் வந்தபோது கடையில் ஐந்து வாங்கினேன். ஆனால் கலைஞருக்கென்று தனியாக ஒன்று செய்து கொடுப்பார்கள். தங்க விளிம்பு, சிறகில் நிஜ இறகுத் துணுக்கு. உலகத்திலேயே அது ஒன்றுதான். என் கண்ணாடிப் பெட்டியில் அதற்கான இடம் காலியாக இருந்தது. காலி இடம் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஓய்வுக்குப் பிறகும் ரோவீனா பூங்காவின் தொப்பிக் கடையில் வேலை பார்த்தார். கணவர் எல்டன் முதியோர் இல்லத்தில் இருந்தார். நான் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். தங்க விளிம்புக் குருவி அவர் சட்டையில் குத்தியிருக்கும்.

"என்ன வெர்னன், இன்னைக்கும் என் குருவியக் கண்ணு வெக்க வந்தாச்சா?"

"சும்மா பாக்குறேன். பாத்தா தேஞ்சா போயிடும்?"

"உங்க பார்வைக்குத் தேஞ்சாலும் தேயும்," என்று சிரித்தார். "இது போச்சுன்னா எல்டனுக்கு நான் யாருன்னே தெரியாது. மனுஷனுக்கு எல்லாம் மறந்துபோச்சு. என் மூஞ்சியப் பாத்தா முழிக்கிறாரு. இந்தக் குருவியத் தடவினா மட்டும் 'ரோ, வந்துட்டியா'ம்பாரு. குருவிக்குள்ள மோட்டார் வெச்சது அவருதானே."

கோடையில் அவரை பேட்ஜ் கடைக்கு மாற்றினார்கள். அங்கே ஊழியர்கள் கழுத்து நாடாவில் பேட்ஜுகளை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வருகிறவர் தன் பேட்ஜ் ஒன்றைக் கொடுத்து, பதிலுக்கு நாடாவில் உள்ள எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. பூங்காவின் விதி அது. முதல் நாள் ரோவீனா நீலக்குருவியை நாடாவில் மாட்டியிருந்தார். நான் ஹாட்டாக் ரொட்டியின் படம் போட்ட ஒரு மலிவு பேட்ஜை நீட்டி, குருவியைக் கேட்டேன்.

"விளையாடாதீங்க வெர்னன்."

"விளையாடலையே. நாடாவுல இருக்கு, கேக்குறேன்."

மேற்பார்வையாளரை முன்பே அழைத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த ஆள் தலையைச் சொறிந்தார். "குடுத்துடுங்க ரோவீனா. ரூல் ரூல்தான்."

இறகு ஒட்டி ஒட்டி அவருக்கு விரல் மடங்காது. பேட்ஜின் திருகாணியை நானே கழற்றி உதவினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து நடை. முகம் சிவந்திருந்தது. நான் கதவின் கண்ணாடி வழியாகப் பேசினேன்.

"நேத்து எல்டன் நர்ஸக் கூப்பிட்டு, 'யாரு இந்தப் பொம்பள, வெளிய அனுப்பு'ன்னுட்டாரு. என் பழைய குருவி வேணாம் வெர்னன். கடையில வித்த குருவி உங்ககிட்ட நெறைய இருக்கே. அதுல ஒண்ணு குடுங்க, போதும்."

ஐந்தில் ஒன்று பெட்டியில், மீதி நான்கும் மேசைமேல்தான் கிடந்தன. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் இல்லையா. பதிலுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஹாட்டாக்கை நீட்டினார். அது நான் கொடுத்ததுதான், வேண்டாம் என்றேன்.

அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நிழல் கிடையாது. இலை கொட்டுகிறதென்று மரத்தை வெட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணியாவது குடுங்க," என்றார். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும். பேட்ஜுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன் வேறு.

அவர் சரிந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டியதையும் பார்த்தேன். கையில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் கவனித்தேன். ஒன்றும் இல்லை. வெயில் பெட்டிமேல் பட்டதால் திரையை இழுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மிசஸ் அக்கோஸ்டா கடைக்குப் போய்த் திரும்பி வந்து கூச்சல் போட்டபோது பசை காய்ந்திருந்தது. அந்த அம்மாளுக்கும் பூங்காவில்தான் வேலை. அவள் உங்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை.

குருவியை நாடாவில் மாட்டச் சொன்னது யார் என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. நான்தான். "சட்டையில குத்தினா யாரு கண்ணுல படும்? நாடாவுல மாட்டுங்க, சனங்க உங்க பேரைத் தெரிஞ்சுக்கட்டும். சொந்த பேட்ஜுக்கு அந்த ரூல் கெடையாது," என்று அதற்கு முந்தின நாள் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

பூங்கா அவர் நினைவாக இன்னொன்று வெளியிடும், மேடம். இறந்த கலைஞருக்கு எப்போதும் கறுப்பு விளிம்பு போடுவார்கள், நூறுதான் வரும். அதற்குள் என்னைக் காவலிலிருந்து விட்டுவிடுவீர்களா? வரிசையில் அவருக்காக நிற்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?