குடைக்காரருக்கு மாடி ஆகாது

...அதைத்தான்க்கா நானும் கேக்குறேன், மாடி வீடுன்னா கசக்குமா? ஜன்னலைத் தொறந்தா காத்து பிச்சுக்கிட்டு வருது. குழாயில தண்ணி கொட்டுது. குடைக்காரரு பாத்துட்டு 'வேணாம்மா'ங்குறாரு. ஒரே வார்த்தை! எனக்கு வந்துச்சே கோவம்...

இருங்க, இருங்க, சொல்லி முடிச்சிடுறேன். அப்புறம் உங்க வீட்டுச் சாவியக் குடுக்கலாம்.

வீடில்லாம ரோட்டுல படுத்துக் கெடக்குறவங்களுக்கு வாடகை வீடு புடிச்சுக் குடுக்குறதுதான் எங்க ஆபீஸ் வேலை. லேசுப்பட்ட வேலையா? 'இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தாரு?'ன்னு ஹவுஸ் ஓனருங்க கேப்பாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலன்னு சொல்ல முடியுமா? சொல்லிடுவேன்க்கா. எனக்குத்தான் வாய் நிக்காதே! டப்புன்னு கதவைச் சாத்திடுவாங்க.

நம்ம ஆளு குடை ரிப்பேர் பண்றவரு. அதோ, கேட்டுக்கு வெளிய தள்ளுவண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்குறாரே, அவரேதான். சாதுவான மனுசன். வாயே தொறக்க மாட்டாரு...

என்னது? நான் தொறக்க விட்டேனாவா? அட போங்கக்கா!

மொதல்ல மூணாவது மாடியில ஒண்ணு பாத்தேன். வேணாம்மா. சரி, வெளிச்சம் பத்தலயோன்னு நாலாவது மாடியில பாத்தேன். வேணாம்மா. அப்ப இன்னும் உசரம் வேணும் போலன்னு மொட்டை மாடி ரூமுக்கே ஏத்திட்டுப் போனேன்! மூச்சு வாங்க நின்னு, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. நன்றி சொல்றாருன்னு நெனச்சு நான் போட்டோ வேற எடுத்துக்கிட்டேன்.

ஏன் வேணாம்னு கேட்டியான்னா... கேக்கணுந்தான். 'நாமளா முடிவு பண்ணக் கூடாது, அவங்க சொல்றதைக் காதுகுடுத்துக் கேக்கணும்'னு ஆபீஸ்ல பயிற்சியே நடந்துச்சு. அதோட அருமையப் பத்தி எழுந்து நின்னு மூச்சு விடாம பேசுனதே நான்தான்! நான் முடிக்கிறதுக்குள்ள, பாடம் எடுக்க வந்தவரு சாப்பிடப் போயிட்டாரு.

முந்தாநாளு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சத்தமே வரல. அந்த நேரம் பாத்து மனுசன் வாயத் தொறக்குறாரு. 'மாடியில இருந்தா வண்டிய எங்கம்மா நிறுத்துறது? அதானே என் பொழப்பு? எவனும் தள்ளிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் அதுக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன்'ங்குறாரு. எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. ஊரு குடையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு, மனுசன் மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடந்திருக்காருக்கா...

அப்புறம் நேத்துப் பூரா கீழ்வீடு, கீழ்வீடுன்னு சைகை காட்டியே அலைஞ்சு உங்களைப் புடிச்சேன். நான் பேசாம நின்னதாலயோ என்னவோ, நீங்களும் உடனே சரின்னுட்டீங்க. இன்னிக்குத்தான் தொண்டை சரியாச்சு, அதான் சேத்து வச்சுப் பேசுறேன். குடிவச்சதோட கை கழுவிட்டுப் போற ஆளில்லக்கா நானு. வாராவாரம் வருவேன், சௌகரியமா இருக்காரான்னு பாப்பேன், அப்பிடியே உங்களோடயும் உக்காந்து பேசிட்டு...

அக்கா? ...யக்கா! எங்க போனீங்க?

அடடே, வண்டி உள்ள வந்து ஓரமா நிக்குது! வீட்டுல ஃபேன் வேற ஓடுது... சாவிய அவரு கையிலயே குடுத்தாச்சா? நான் பேசிக்கிட்டு இருக்கும்போதேவா?

ஐயா! இந்தா வந்துட்டேன், கட்டிலை எந்தப் பக்கம் போடணும்னா...

ம்ஹூம். தட்டிட்டுத்தான் போகணும். அவரு வீடு.

ஐயா... உள்ள வரலாங்களா?

என்னது? அப்புறம் வரணுமா?

...சரிங்க. எப்பன்னு மட்டும் சொன்னீங்கன்னா... சரி, சரி, போறேன்!