மடியில் முடிந்த வெல்லம்

வெறும் வயிற்றோடு வீட்டை விட்டு இறங்கும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு கவளம் பழைய சோறாவது உள்ளே போயிருக்க வேண்டும். இன்று காலை நீங்கள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியபோதும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

அண்ணி கொடுத்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "வெரதம் இருந்து காவடி எடுத்தவன் செத்துப்போனா யாரு மேலய்யா கேஸ் போடறது, முருகன் மேலயா?" என்று சிரித்தீர்கள். ஏட்டும் சிரித்தார். பிறகு, ஒப்புக்கு இருக்கட்டும், நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றீர்கள். எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. பகலில் பெரம்பலூரில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் டைப்ரைட்டிங்கும் இங்கிலீஷும் படிக்கிறேன். அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் எதை எழுதினாலும் இது சரிதானா என்று திரும்பிப் பார்ப்பவன் நான். அதனால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அண்ணன் செல்லக்கண்ணு கிணறு வெட்டப் போனான், மூட்டை தூக்கினான், அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கினான். என் பங்கு வேலையையும் அவனே செய்தான். நான் மண்வெட்டியைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வான்.

"நீ போயிப் படிடா. இந்த வூட்ல ஒருத்தன் கை காய்ச்சுப் போனது போதும்."

அவன் உடம்பில் ஒரு கோளாறு இருந்தது. வயிறு காய்ந்திருக்கும்போது நெடுநேரம் பாடுபட்டால் தொடையும் தோளும் கட்டை மாதிரி இறுகிவிடும். மறுநாள் மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் போகும். சூடு என்றார்கள், காமாலை என்றார்கள். பலவீனம் என்று சொல்லிச் சோற்றைக் குறைத்து, ஆட்டுக்கால் சாறும் நெய்யுமாக ஊற்றினார்கள். அது இன்னும் மோசமாயிற்று. எண்பத்தொன்றில் கிணற்று மேட்டில் விழுந்தவன் எழவே இல்லை. கடை முதலாளி சொல்லி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பார்த்த டாக்டர் வடக்கே எங்கோ இருந்து வந்தவர். தமிழ் தெரியாது. தொடையில் துளி சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். எல்லார் உடம்பும் முதலில் சோற்றை எரிக்கும். அது தீர்ந்ததும் கொழுப்பை எரிக்கும். அண்ணன் உடம்புக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியாது. சோறு தீர்ந்த பிறகும் உழைத்தால் சதையே கரைந்து மூத்திரத்தில் இறங்கும், சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும். ஆகவே பட்டினி கூடாது. பசியோடு பாடுபடக் கூடாது. எண்ணெய், நெய் குறைவாக இருக்கட்டும். சோறு, கஞ்சி, வெல்லம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு நின்று நின்று நடக்கலாம், உடம்புக்கு நல்லதுதான். மூத்திரம் கறுத்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இது பிறவியில் வருவது, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்குவது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கூடப்பிறந்தவனுக்கும் இருக்கக்கூடும், நீயும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார். அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. அவசரம் என்று தோன்றவில்லை.

அண்ணன் தேறிவிட்டான். அண்ணி பூமாலை அவனைப் பட்டினி என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டாள். காட்டுக்குப் போனாலும் தூக்குவாளியில் கஞ்சி போகும். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. டீக்கடை அண்ணாதுரை அவனைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"என்னப்பா செல்லக்கண்ணு, புள்ளத்தாச்சிக்குக்கூட இத்தன வாட்டி கஞ்சி ஊத்த மாட்டாங்க. எத்தனாவது மாசம்?"

"உம் பொண்டாட்டிகிட்ட கேளு மாமா. அதுதான் வளகாப்புக்கு நாளு பாத்துருக்கு."

எல்லாவற்றுக்கும் சிரிப்பான். ஒன்றுக்கு மட்டும் சிரிக்க மாட்டான். அப்பா இறந்த வருஷத்திலிருந்து பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருந்து செட்டிகுளம் மலைக்குக் காவடி எடுத்தவன் அவன். வேலூரிலிருந்து வந்த பிறகு அது நின்றுபோயிற்று. உத்திரத்தன்று வேலியோரம் நின்று, ஊர்க் காவடிகள் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்த்தார்கள். அரியலூர் சிங்காரவேலுவின் மகள் பூங்காவனம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்று அவளுடைய அத்தை வந்து சொன்னாள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்த சிங்காரவேலு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க ரத்தத்துலயே பரம்பரையா என்னமோ இருக்காம்ல. நாளைக்கு எம் பொண்ணு புள்ள குட்டி பெத்துக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அண்ணனுக்கு வெறும் சூட்டு உடம்பு."

"இல்லன்னா சந்தோசம். உத்தரத்துக்கு நாங்க குடும்பத்தோட செட்டிகுளம் வருவோம். உங்கண்ணன் முந்தியெல்லாம் காவடி எடுப்பாராமே. இந்த வருசம் எடுத்தாருன்னா எங்க வூட்டுப் பொம்பளைங்க வாயும் அடங்கிரும்."

அவர் மேல் குற்றமில்லை. பெண்ணைப் பெற்றவர் கேட்கக்கூடியதைத்தான் கேட்டார்.

மாசி மாதம் திருச்சிக்குப் போய்த் திரும்பிய நான், வேலூர் டாக்டர் அங்கே வந்திருந்ததாகவும் அவரைப் பார்த்துப் பேசியதாகவும் சொன்னேன். அண்ணன் அப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"ரெண்டு வருசமா ஒண்ணும் வரலன்னா கோளாறு விட்டுப்போச்சுன்னு அர்த்தமாம்ண்ணே. இனிமே உடம்ப இறுக்கணுமாம். நடக்கணும், ஏறணும். ஒருநாள் வயித்தக் காயப்போட்டாலும் நல்லதுன்னாரு."

"அப்ப நான் நல்லாயிட்டேனாடா?"

"ஆயிட்ட."

மிச்சக் கஞ்சியை எடுத்துக்கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்கு ஊற்றினான். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். என்னிடம் அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டரின் சொல் எதுவானாலும் எங்கள் வீட்டுக்கு என் வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. கஞ்சி குடி என்றபோதும் நான்தான் சொன்னேன். வேண்டாம் என்றபோதும் நான்தான் சொன்னேன். அண்ணி மட்டும் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"ஏந்தம்பி, ஒரு டாக்டரு இப்புடித் தலைகீழாவா மாத்திச் சொல்லுவாரு?"

"அது சயின்ஸ் அண்ணி. மாறிக்கிட்டேதான் இருக்கும்."

உத்திரத்துக்கு முதல் நாளே அண்ணன் சோற்றை நிறுத்திவிட்டான். விடியுமுன் கிளம்பினோம். நான் காவடி எடுக்கவில்லை, துணைக்கு நடந்தேன். பாதை நெடுக தண்ணீர்ப் பந்தல்களில் பானகம் கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீரோடு இருந்தால்தான் விரதம் என்று நான் சொன்னதால் அண்ணன் பானகத்தைத் தொடவில்லை.

வழியில் அண்ணன் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டும்போது மடியில் ஏதோ தட்டுப்பட்டது. துணி முடிச்சு. உள்ளே வெல்லம். அவன் குளிக்கப் போன நேரத்தில் அண்ணி வேட்டியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

"பாருடா உங்க அண்ணி பண்ணுன வேலைய. சாமி குத்தமாயிராது? நீ வச்சுக்க. வூட்டுக்குப் போயி அவகிட்டயே குடுத்துரு. ஏதும் சொல்லிப்புடாத, பாவம்."

நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியபோது அவன் நடை மாறியது. குதிகாலை ஊன்றாமல் நடந்தான்.

"தொட கொஞ்சம் இறுக்குதுடா தர்மா."

"பழக்கம் விட்டுப்போனதுதாண்ணே. நடந்தா சரியாயிரும்."

மலையடியில் சிங்காரவேலு குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவர்களைப் பார்த்தான். மேளக்காரர் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டு, காவடியோடு ஒரு சுற்று ஆடினான். ஆடச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கல்யாணத்துக்காக அவனாகவே ஆடினான். பிறகு படியேறினான். மேலே கையில் கரும்போடு நிற்கும் சாமிக்கு முன்னால் காவடியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சிங்காரவேலு என் தோளைத் தொட்டார்.

"காளை மாதிரில்ல இருக்காரு. எவனோ வயித்தெரிச்சல்ல கெளப்பி வுட்டுருக்கான் தம்பி."

இறங்கும்போது பாதிப் படியில் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். "காலு வரமாட்டேங்குதுடா" என்று சிரித்தான். கீழே தூக்கிவந்து மாட்டு வண்டியில் ஏற்றினோம். மறுநாள் காலை கொல்லைக்கு என்னைக் கூப்பிட்டு, மூத்திரம் போன இடத்தைக் காட்டினான். மண் கறுத்துக் கிடந்தது.

"டேய், பழையபடி போவுதே. விட்டுப்போச்சுன்னு சொன்னாருல்ல?"

"உள்ள இருந்த அழுக்கு கடைசியா எறங்குது. இதோட முடிஞ்சிரும்" என்றேன்.

அடுத்த நாள் மூத்திரமே இறங்கவில்லை. முகம் ஊதியது. திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் தமிழர், பொறுமையானவர். இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது நோய் உண்டா என்று என்னைக் கேட்டார். பார்க்க வந்த சிங்காரவேலு ஆரஞ்சுப் பழப் பையோடு என் பக்கத்தில் நின்றார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நல்லாவே யோசித்தேன். வேலூரில் சொன்னதைச் சொன்னால் இவர்களால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. காப்பாற்றியிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். கோர்ட்டில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதை எனக்கே வைத்துக்கொண்டேன். மறுபடியும் இல்லை என்றேன்.

அண்ணன் வெள்ளிக்கிழமை போனான். உத்திர விரதத்தோடு போனவனை முருகனே கூப்பிட்டுக்கொண்டான் என்று ஊர் சொன்னது. துக்கத்துக்கு வந்த சிங்காரவேலுவும் அதையே சொன்னார். ரத்தம், பரம்பரை என்ற பேச்சு அதற்கப்புறம் அவர் வாயில் வரவில்லை. ஆவணியில் கல்யாணம்.

அவன்மேல் உனக்குப் பகையா என்று கேட்டீர்கள். இல்லை. அவன் அளவுக்கு என்னிடம் பிரியம் வைத்தவர்கள் யாரும் இல்லை. எனக்கே சில நாள் குழப்பமாக இருந்தது. என் இங்கிலீஷ் சாயங்கால வகுப்பு இங்கிலீஷ். வேலூர் டாக்டர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை, நம்பாததால்தான் அண்ணனை நடக்க விட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். படித்தபோது ஆறுதலாக இருந்தது. அதில் இருந்தவன் முட்டாள், கொலைகாரன் இல்லை. அண்ணியிடமும் அதையே சொன்னேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"அன்னிக்கி அவரு மடியில வெல்லம் முடிஞ்சு வுட்டேன் தம்பி. அது என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

வழியில் விழுந்திருக்கும் என்றேன். அடுத்த நாள்தான் உங்களிடம் மனு கொடுத்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். ஒரு சொல் விடாமல் நம்பினேன். வேலூரிலிருந்து வந்த நாள் முதல் நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. உத்திரத்தன்றும் அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது அடுப்பங்கரையில் இருட்டிலேயே சோற்றைப் பிழிந்து தின்றேன். இருந்தும், செட்டிகுளத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் காவடிகளை இறக்கி எல்லாரும் இளைப்பாறியபோது, என் தொடையும் கட்டை மாதிரி இறுக ஆரம்பித்திருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முடிச்சை அவிழ்த்தேன். வெல்லத்தைத் தூள்கூட மிச்சம் வைக்காமல் தின்று தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கால் இளகிவிட்டது.

திரும்பி வந்தபோது அண்ணன் இரண்டு தொடையையும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பிசுபிசுத்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காவடியைத் தூக்கி அவன் தோளில் வைத்தேன்.