ரயிலை நிறுத்திய முகம்

— துர்கா, கதவத் தொற! காலையில உங்கப்பன் இந்தப் பஞ்சநாதன் மூஞ்சியப் பாத்து விருத்தாசலம் ஜங்ஷன்ல ரயிலே நின்னு போச்சு. டிரைவரு சிக்னல்னு நெனச்சிட்டாரு!

— ஜங்ஷன்ல எல்லா ரயிலும் நிக்கும்பா. போ அந்தாண்ட.

— ஆரஞ்சு நிறம், பாப்பா. நேத்திலேருந்து உள்ள பூட்டிக்கிட்டு அழுவறியே, அதே நிறம்.

— கிண்டலா? பருவுக்கு மருந்து போடப் போயி மூஞ்சி பப்பாளியாட்டம் ஆயிடுச்சு. நாளைக்கு மெட்ராஸ் கண்காட்சியில இதோடவா நிப்பேன்? நான் போவல.

— உன் பேரு போட்டு மொதமொதல்ல போற பொம்மைங்க. அதுங்கள மட்டும் தனியா ரயிலேத்தி வுடவா? சரி, டாக்டரம்மா பருவுக்குக் குடுத்த ரெண்டு டியூப்பையும் எப்படிப் போட்ட?

— பீங்கான் யூனிட்ல பொம்மைக்கு பளபளன்னு கிளேஸ் அடிக்கற மாதிரிதான். ஒரு கோட்டு, அது மேல இன்னொரு கோட்டு.

— காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னுதான டாக்டரம்மா சொன்னாங்க?

— சீக்கிரம் போவட்டுமேன்னு...

— என்னதான் ஆவுதுன்னு பாக்க, வெளிய கெடந்த உன் டியூப்ப எடுத்து நானும் ராத்திரி அப்படியே ரெண்டு கோட்டு அடிச்சேன். விடிஞ்சி பாத்தா கண்ணாடிக்கே கண்ணு கூசுது! ரிட்டயர் ஆவற வரைக்கும் சூளையில நின்னேன், எந்தப் பொம்மைக்கும் அப்படி ஒரு நிறம் வந்ததில்ல. தெருநாயெல்லாம் எழுந்து நின்னு கும்புட்டுச்சு.

— அளக்காதப்பா.

— கேளு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அந்த ரெண்டும் தோலு மேல ஒண்ணா சேந்தா சில பேருக்கு இப்படி ஆவுமாம். காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோப்புப் போட்டாப் போயிடுமாம். இனிமே சேத்துப் போடாதன்னாங்க. கழுவிப் பாத்தியா?

— தொடவே பயமா இருக்குது. தோலு கையோட வந்துட்டா?

— நான் கழுவினேன், போயிடுச்சு. தொறந்து பாரு.

— கதவுச் சந்துல பாத்துட்டேன். எப்பவும் இருக்கற கருத்த மூஞ்சிதான். ஆரஞ்சாம், ரயிலாம்! என்ன வெளிய வர வெக்கப் பொய்யி.

— கழுவிட்டேன்னுதான சொல்றேன்!

— அப்ப எதுக்கு வாயச் சுத்தித் துண்டு?

— சளி.

— எடு.

— வேணாம் பாப்பா. உங்கம்மா ஏற்கெனவே சிரிச்சி சிரிச்சி, அடுப்புல பாலு பொங்கனது கூடத் தெரியல.

— எடுப்பா... ஐயையோ, உன் வெள்ள மீசயெல்லாம் ஆரஞ்சு!

— தோலு வுட்டுடுச்சு, மயிரு மட்டும் வுட மாட்டேங்குது. சாயங்காலம் உன்ன ரயிலேத்த இதோடதான் வரணும்.

— நின்னிருக்கும்பா. நெசமாவே அந்த ரயிலு உன்னப் பாத்துதான் நின்னிருக்கும். சோப்பக் குடு.