ஏணி இப்போது யாரிடம்

மழை வருவதற்கு முன்னால் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும், தம்பி. சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் சும்மா இருக்காது, வீட்டுக்குள் வழி தேடும். இதை நான் சொல்லவில்லை. மேலே நிற்கிறாரே என் வீட்டுக்காரர், அவர் சொல்வது. நீங்கள் தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். மெதுவாக எழுதுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

இந்தத் தெருவில் அவருக்கு யோசனைக்காரர் என்று பெயர். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் போகிறவர், வருகிறவர் யாரும் தப்ப முடியாது. வெயில் வருகிறதா, மாடிக்குச் சுண்ணாம்பு அடி, வீடு குளிரும். மழை விட்டதா, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய். பனிக்காலமா, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடு, சுவரைத் தொடும் கிளையை வெட்டு. அத்தனையும் நல்ல யோசனைதான். கேட்டுச் செய்த வீடுகளெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும் பதினோரு வருடமாக என் தலைமாட்டில் ஒழுகுகிறது. உபதேசம் ஊருக்குத்தானே. எனக்குக் கிடைத்ததெல்லாம், "நாளைக்குப் பாத்துக்கலாம், விடு."

போன மழைக்கு நானே ஏறினேன். ஏணி சறுக்கியது. இந்த மணிக்கட்டைப் பாருங்கள், கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. நான் தரையில் கிடக்கிறேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "ஏணிய சாய்ச்சு வைக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

நான் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு யோசனைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சுவாக்கில் சொன்னேன். "பக்கத்து வீட்டுத் தையல்காரர் அவர் மாடிய அவரே பூசப் போறாராம். உங்களுக்கு வாய் மட்டுந்தான்னு சொல்லிச் சிரிச்சாராம்." பாவம், தையல்காரர் அப்படிச் சொல்லவே இல்லை. அது பொய்தான், எழுதிக்கொள்ளுங்கள். இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போன் அதன் பையில் இருந்தது. "ஏணியப் பிடிச்சுக்கோ," என்றார். பிடித்துக்கொண்டேன். அவர் மேலே கால் வைத்ததும், பிடித்த பிடியை விடாமல் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

இன்றோடு ஐந்து நாள்.

கொடுமை என்று எழுதாதீர்கள். தண்ணீர்த்தொட்டி நிழல் இருக்கிறது. பாய், போர்வை, குடை எல்லாம் கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு வாளி ஏறும், இன்னொரு வாளி இறங்கும். அதற்கு மேல் கேட்காதீர்கள். குழாய் வாய் சுத்தமானால் காலைச் சாப்பாடு, பாசி போனால் மதியச் சாப்பாடு. முதல் நாள் பொழுது சாயும்வரை வீம்பாகப் பட்டினி கிடந்தார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டார்.

"மனுஷிதாங்க. பதினோரு வருஷமா நனைஞ்ச மனுஷி," என்று பிரஷ்ஷை வாளியில் வைத்து மேலே அனுப்பினேன்.

கத்தாமல் இருந்தாரா என்கிறீர்களா? கத்தினார். "ஏணி போடுய்யா, ஏணி போடு," என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க பெரியவரே, சாயங்காலமே போட்டு எங்க வீட்டு மாடியையும் பாத்துடறேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பது வருட யோசனைக்குப் பலன் அது. இரண்டாம் நாள் கத்துவதையும் விட்டுவிட்டார். பெண்டாட்டி ஏணியை எடுத்துவிட்டாள் என்று எந்த ஆண்பிள்ளை தெருவுக்குச் சொல்வார்? யாராவது தலை நிமிர்ந்தால் உடனே தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார். நீங்கள் கூப்பிட்டபோதும் என்ன சொன்னார்? "வேலையா இருக்கேன், அப்புறம் வாங்க." அதை நானா சொல்லிக் கொடுத்தேன்?

வேலையும் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. விரிசலெல்லாம் பூசியாகிவிட்டது. நேற்று ஒரு தூறல் போட்டது, தலைமாட்டில் ஒரு சொட்டு இல்லை. பழக்கதோஷத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் அது காய்ந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தெற்குப்பக்கக் கைப்பிடிச்சுவருக்கு இன்னும் சுண்ணாம்பு பாக்கி. அதன் பிறகு வெயில் கால வேலைகள் இருக்கின்றன. அவர் மேலே இருக்கும்போதே முடித்துவிட்டால் நல்லதில்லையா?

உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது யார் என்று தெரியும். தையல்காரர். 'பக்கத்து மாடியில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்' என்றிருப்பார். தான் எங்கே நின்று பேசுகிறார் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். புதன்கிழமையிலிருந்து அவர் தன் மாடியில்தான் நிற்கிறார். சட்டையோடு போனையும் வாங்கி வைத்துக்கொள் என்று அவர் சம்சாரத்திடம் படித்துப் படித்துச் சொன்னேன். சின்னப்பெண், மறந்துவிட்டாள்.

ஏணி எங்கே என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நான் ஒளித்து வைக்கவில்லை, தம்பி. இந்தத் தெருவுக்கு ஏணி ஒன்றுதான். கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தையல்காரர் வீட்டுக்கு அடுத்து வங்கிக்காரர் வீடு, அதற்கடுத்துப் பாட்டு வாத்தியார் வீடு. வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள். நாலு மாடியிலும் பிரஷ் சத்தம் கேட்கும். வாத்தியார் மட்டும் நேற்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, சும்மா முனகிக்கொண்டிருக்கிறார். சுருதி சேர்க்கிறார் என்று நினைக்கிறேன்.

இன்று காலையில் பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்து ஏணியை வாங்கிக்கொண்டு போனாள். தங்கமான பெண். ஆறு வருடமாகச் சமையலறைக்கு மேலே ஒழுகுகிறதாம். வீட்டுக்காரருக்குக் காவல் நிலையத்தில் வேலையாம், கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிறாராம். உங்கள் சாயலில் ஒரு போட்டோ கூடக் காட்டினாள்.

சாயங்காலம் அவள் ஏறச் சொன்னால் மறுக்காமல் ஏறுங்கள். போனை மட்டும் கீழே அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறுங்கள், தம்பி. மழைக்காலத்தில் அதை நனைய விடக் கூடாது.