காலியான நோட்டு

முதலியார்பேட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். அத்தனை வெயிலிலும் சன்னலைச் சாத்தச் சொன்ன மூத்தவர், கன்னத்தைச் சால்வையால் மூடியிருந்தார்.

"காத்து பட்டா மூஞ்சி நரம்புல கரண்ட் அடிக்குதும்மா. பேசினாலும் அடிக்கும். அக்குபஞ்சர் பண்ணிக்கிறேன். வலி வந்தா நோட்டுல எழுதி எடுத்தாரச் சொல்லியிருக்காரு வைத்தியரு."

"கொறையுதாக்கா?" என்றாள் இளையவள்.

"இந்த வாரம் நோட்டு காலி, ஒண்ணும் எழுதல. ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்."

"நல்லதுதானக்கா."

"வாயத் தொறந்தாதான வலிக்கும். வீட்ல பேச ஆளு இல்ல. அத அவருகிட்ட சொல்லல."

இளையவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப வலிக்குதாக்கா?"

"வலிக்குது. நீ எங்க எறங்கணும்?"