அப்பவே சொன்னேன்

தங்கை: ...நீ பாட்டுக்கு வாசிக்கா. தையல் மெஷின் ஓடினாலும் எனக்குக் கேக்கும்.

அக்கா: அடுப்புல பால் இருக்குடி. பொங்கி வழிஞ்சா நீயா துடைப்ப?

தங்கை: பாலையும் பாரு, கதையையும் வாசி. பெரிய எழுத்தாளர், இதுகூட முடியாதா? அப்புறம், உன் கண்ணாடி என் மூக்குல இருக்கு. அது இல்லாம ஊசில நூல் கோக்க முடியல.

அக்கா: வெச்சுக்கோ. ஸ்... இந்த ஜன்னல் வெயில் வேற, மூஞ்சியிலேயே அடிக்குது. சரி, கேளு. "உலகம் அழியும் என்று பெரியவர் குறித்த நாள் வந்தது. சீடர்கள் எல்லாரும் மொட்டை மாடியில் கூடினார்கள். விடிந்தது. உலகம் அப்படியே இருந்தது. தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான்."

தங்கை: பால்காரன் நல்லாருக்கான்.

அக்கா: அவன் மட்டும்தான் நல்லாருக்கான். இங்கதான் மாட்டிக்கிட்டேன். பெரியவர் விட்டது புளுகுன்னு வெட்டவெளிச்சமாயிருச்சு. எல்லாரும் துணியை உதறிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கணும்ல? ஒருத்தரும் கிளம்பல. ஏன்னு எனக்கு எழுத வரமாட்டேங்குது.

தங்கை: அதை எதுக்கு என்கிட்ட கேக்குற?

அக்கா: வேற யார்கிட்ட கேப்பேன்? நீதானே வருஷக்கணக்கா அந்த மாதிரி...

தங்கை: அந்த மாதிரி? முழுசா சொல்லு. எங்க ஐயாவும் உன் பெரியவரும் ஒண்ணாக்கும்?

அக்கா: சேச்சே! உங்க ஐயாவுக்குத் தாடி இருக்கு. என் ஆளு மழுமழுன்னு இருப்பாரு.

தங்கை: ரொம்ப வித்தியாசம்தான்.

அக்கா: கோச்சுக்காதடி. ஐயாவுக்கு அங்கி தைக்கன்னு ஆசிரமத்துல லீவு வாங்கிட்டு வந்திருக்க. சாயங்காலமாச்சு, இப்ப வேன் வந்துரும். இந்தத் தடவை போனா இனிமே வீட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு வேற சொல்லிட்டாரு. அதுக்குள்ள நான் கேட்டுக்க வேணாமா?

தங்கை: ம்... உன் கதாநாயகி முதல்ல அங்க எதுக்குப் போனா?

அக்கா: கல்யாணம் நின்னு போச்சு. பத்திரிகை அடிச்சப்புறம்.

தங்கை: ...எங்க இருந்துதான் பிடிக்கிறியோ இந்த மாதிரி விஷயமெல்லாம்.

அக்கா: கற்பனைதான்.

தங்கை: சரி, கற்பனையாவே பேசுவோம். அன்னைக்கு ஊரே அவளைப் "பாவம்"னு பாத்துச்சு. அவர் அப்படிப் பாக்கல. அவ உள்ள நுழைஞ்சதும் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "ஏன் இவ்வளவு லேட்டு? உன் இடம் காலியாவே கிடக்கே"ன்னார். அவ்வளவுதான்.

அக்கா: ஒரு நாற்காலிக்காகவா?

தங்கை: உனக்கு மாமா இருக்கார், பசங்க இருக்காங்க. எந்த ரூமுக்குப் போனாலும் உனக்குன்னு ஓர் இடம் இருக்கு. உனக்கு நாற்காலின்னா வெறும் மரச்சாமான்தான்க்கா.

அக்கா: ...சரி. ஆனா உலகம் அழியலயே! அப்பக்கூடவா கண்ணு திறக்கல?

தங்கை: திறந்திருக்கும். பாதிப் பேருக்கு அன்னைக்கே தெரியும். ஆனா பெரியவர் என்ன சொல்லுவார் தெரியுமா? "உங்க வேண்டுதல்தான் உலகத்தைக் காப்பாத்துச்சு"ம்பார். ஒரே கைதட்டலா இருக்கும். இந்தப் பக்கம் நின்னா நீ உலகத்தைக் காப்பாத்தினவ. அந்தப் பக்கம் போனா ஏமாந்த சோணகிரி. நீ எந்தப் பக்கம் நிப்ப?

அக்கா: பால் பொங்கிருச்சு.

தங்கை: நல்லதுதான், துடைச்சுட்டு வா.

அக்கா: இரு, முடிவைக் கேட்டுரு. கடைசில அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். "கதவு திறந்தது. அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். 'நான் அப்பவே சொன்னேனே!' என்று கதறினாள்."

தங்கை: அடிச்சிரு.

அக்கா: யாரை?

தங்கை: அந்த வரியை. அதைக் கேட்டா அவ செருப்பைக்கூட கழட்ட மாட்டா. அடுத்த பஸ்ல திரும்பிப் போயிருவா.

அக்கா: அடிப்பாவி, பாசத்துல சொல்றாடி!

தங்கை: பாசம்தான். அந்தப் பாசம்தான் எல்லார் வீட்டு வாசல்லயும் கையைக் கட்டிட்டு நிக்குது. அப்பா, சித்தி, எதிர்வீட்டுக்காரங்க... அத்தனை பேரும் அப்பவே சொன்னவங்க. அவங்க முன்னாடி போய் நிக்கிறதைவிட, பொய்யின்னு தெரிஞ்சே அவர் முன்னாடி உக்காந்துரலாம். பெரியவர் கதவைப் பூட்டவே வேணாம்க்கா. பூட்டு நம்ம வீட்டு வாசல்லயே தொங்குது.

அக்கா: ...அப்ப அந்த அக்கா என்னதான் சொல்லணும்?

தங்கை: நான் வந்தன்னைக்கு நீ என்ன சொன்ன?

அக்கா: நானா? ஒண்ணும் சொல்லலயே.

தங்கை: "செருப்பைத் தூக்கி உள்ள போடு, மழை வர்ற மாதிரி இருக்கு"ன்ன.

அக்கா: அதெல்லாம் ஒரு வசனமாடி?

தங்கை: அதையே எழுது.

அக்கா: ஐயோ... ஹாரன். உங்க வேன்தான். அங்கி... முடிஞ்சுதா?

தங்கை: வந்து பாரு.

அக்கா: இரு, கை ஈரமா இருக்கு... ஏய்! என்னடி இது? கை எங்க? கழுத்து எங்க?

தங்கை: ஜன்னல் திரைக்கு எதுக்குக்கா கழுத்து? கிச்சன்ல வெயில் அடிக்குது, வெயில் அடிக்குதுன்னு தினமும் புலம்புறியே. துணி என் காசுல வாங்கினதுதான், பயப்படாத.

அக்கா: அடியே...!

டிரைவர்: தங்கச்சி! கிளம்பலாமாம்மா? ஐயா காத்துக்கிட்டிருக்கார்!

தங்கை: அண்ணே! நான் வரல! என் நாற்காலியை வேற யாருக்காவது போட்டுரச் சொல்லுங்க!

டிரைவர்: என்னம்மா இது! போயிட்டு வரேன்னாவது ஒரு வார்த்தை சொல்லும்மா, நான் போய்ச் சொல்றேன்!

தங்கை: போறேன்னு சொல்லுங்கண்ணே! போறேன்! வெறும் போறேன்!

அக்கா: ஏய்... நிஜமாவாடி?

தங்கை: வேன் திரும்பிருச்சுக்கா. அழாத. சிரிக்கிறியா, அழுவுறியா? ஏதாவது ஒண்ணு பண்ணு. வேணும்னா இப்ப சொல்லிக்கோ, ஒரே ஒரு தடவை. எவ்வளவு நாளா தொண்டைக்குழியிலயே வெச்சிருக்க!

அக்கா: எதை?

தங்கை: "அப்பவே சொன்னேன்."

அக்கா: மாட்டேன், போடி. என் வாயைக் கிளறாத. ஆனா ஒண்ணு சொல்லணும்... அந்தக் கதை... அப்படி ஒரு கதையே இல்லடி. ஒரு வரிகூட எழுதல. உன்னைப் பேச வைக்கத்தான் தினமும் வாய்க்கு வந்ததை வாசிக்கிற மாதிரி...

தங்கை: தெரியும்.

அக்கா: தெரியுமா! எப்படி?

தங்கை: உன் கண்ணாடி தினமும் என் மூக்குல இருக்கு. அங்க நீ பக்கம் பக்கமா வாசிக்கிற!

அக்கா: கள்ளி! அப்ப முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?

தங்கை: நான் அப்பவே சொல்லியிருந்தா நீ கதையை நிறுத்தியிருப்பியே. அவ வீட்டுக்கு வந்து சேர்றாளா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?