ஆதாரத்துக்கு ஒரு சிரிப்பு

அட, செருப்பைக் கழட்டாதீங்க சார், பரவால்ல. தரை என்ன தங்கமா, டைல்ஸ்தானே. நானே ஒட்டினது. வாடகை வீட்டுக்கு எதுக்குய்யா இவ்ளோ மெனக்கெடுறேன்னு வீட்டுக்காரரே கேட்டாரு. என்ன பண்றது, தொழில் அது. கோணலா இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

இல்ல சார், அவ இல்ல. வேலைக்குப் போயிருக்கா, வர்ற நேரம்தான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சொல்லாம கொள்ளாம வந்தா வீடு இப்படித்தான் கலைஞ்சு கிடக்கும். குத்தமா சொல்லல சார், சொல்லிட்டு வந்தா அது சோதனையே இல்லையே. போன தடவையும் இப்படித்தான் ரெண்டு பேர் வந்து நின்னாங்க. அவங்களுக்கு நம்ம பாஷை வராது. கையையும் காலையும் ஆட்டி ஆட்டியே நாங்க குடும்பம் நடத்துறோம்னு புரிய வச்சேன். உங்க ஆபீஸ்ல தமிழ் பேசுற ஆள் இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது. கேக்கவே காதுக்கு இதமா இருக்கு.

டீ போடட்டுமா? வேணாமா? தண்ணியாவது? அதுவும் கூடாதா! சரிதான், ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்து இந்த ஊரையே எழுதி வாங்கிட்டான்னு நாளைக்கு யாராவது சொல்லிடுவாங்க.

ஆமா சார், அவ இங்கயே பிறந்து வளர்ந்தவ, குடிமகள். நான் வேலைக்கு வந்தவன். கட்டினவ குடிமகள்ங்கிறதால எனக்கு நிரந்தரமா தங்க அனுமதி, அதுக்கப்புறம் குடியுரிமை. கேக்க எவ்ளோ சுலபமா இருக்கு பாருங்க. அனுமதிக்காகக் கட்டினானா, ஆசைப்பட்டுக் கட்டினானான்னு நீங்க பாக்கணும். நீங்க இல்லைன்னு ஒரு வரி எழுதிட்டா நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதெல்லாம் மனப்பாடம் சார்.

வாங்க, முதல்ல பாத்ரூம். எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. இந்தாங்க, ரெண்டு டூத்பிரஷ். பச்சை என்னுது. தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஈரமாத்தான் இருக்கும். போன தடவை வந்தவங்கள்ல ஒருத்தர் தொட்டுப் பாத்தாரு, நான் சிரிச்சுட்டேன், அவர் சிரிக்கல. இது அவ சீப்பு, முடி இருக்கு. இது என் ஷேவிங் செட்டு. அலமாரியைத் திறக்கவா? இடது பக்கம் அவ துணி, வலது பக்கம் என்னுது, கீழ்த் தட்டுல ரெண்டும் கலந்து. கலந்து இருக்கணும்னு எங்க வக்கீல் சொன்னாரு. பிரிச்சு வச்சா வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி இருக்குமாம்.

எப்படிப் பழக்கமா? அதை எழுதிக் குடுத்திருக்கோமே சார், ஃபைல்ல இருக்கும். வாயால கேக்கணுமா, சரி. அவ பிசியோதெரபி பண்றவ. கை கால் அடிபட்டு வர்றவங்களை நடக்க வைக்கிற வேலை. அவ கிளினிக்ல பாத்ரூம் டைல்ஸ் மாத்த நான் போனேன். நான் கல்லை வெட்டுற சத்தம் தாங்காம வெளில வந்து ஒரு கத்து கத்தினா பாருங்க. நான் மெஷினை நிறுத்திட்டு மன்னிச்சுக்கங்க மேடம்னேன். அட, தமிழான்னா. அவ்ளோதான் சார். ரெண்டு நாள் வேலையை ஒரு வாரம் இழுத்தேன். மேஸ்திரி என்னைத் திட்டாத திட்டு இல்ல. அவங்க அப்பாவுக்கு நான் ஆகவே ஆகாது, கல்யாணத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே வந்தாரு. ஆனா வந்தாரு. போட்டோல ஓரத்துல நிப்பாரு பாருங்க, ஊசி போடக் காத்திருக்கிற மாதிரி.

நேர்காணலா? ஐயோ, அது பெரிய கூத்து சார். அதுலதான் எல்லாம் போச்சு. என்னை ஒரு ரூம்ல உக்கார வச்சாங்க, அவளைப் பக்கத்து ரூம்ல. ஒரே கேள்வியை ரெண்டு பேர்கிட்டயும் கேப்பாங்க, பதில் ஒத்துப்போகணும். யார் முதல்ல எழுந்திருப்பீங்க, உங்க மாமனார் என்ன வேலை, எல்லாம் டக்கு டக்குன்னு சொன்னேன். அப்புறம் கேள்வி கேட்ட அதிகாரியம்மா கேக்குறாங்க, உங்க மனைவி உங்களை வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு. மொழிபெயர்க்க ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு, நம்ம ஆளு. வெள்ளைத் தலை, இஸ்திரி போட்ட சட்டை. அவர் முன்னாடி எப்படி சார் சொல்லுவேன்? என்னங்கன்னு கூப்பிடுவான்னு சொல்லிட்டேன். பெரியவரும் ரொம்ப மரியாதையான பொண்ணுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாரு.

அவ பக்கத்து ரூம்ல டேய்னு சொல்லியிருக்கா.

சிரிங்க சார், பரவால்ல. உள்ளதைத்தான் சொன்னா. எங்க ரெண்டு பேருக்குள்ள நான் டேய்தான். டேய் எங்கடா சாவி, டேய் தூங்கிட்டியாடா. நாலு பேர் முன்னாடி கூப்பிட மாட்டா, வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினா டேய். அந்தக் குரலைக் கேட்டாத்தான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அதை ஒரு அதிகாரிகிட்ட, அதுவும் ஒரு பெரியவரை வச்சுக்கிட்டு, என் பொண்டாட்டி என்னை டேய்ங்குறான்னு எந்த ஆம்பளை சார் சொல்லுவான்? அவளுக்கு அவங்க பாஷை நல்லா வரும், ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்க அந்தப் பெரியவரை அங்கயும் கூப்பிட்டிருக்காங்க. இது சின்னப் பசங்களை அதட்டிக் கூப்பிடுற வார்த்தை, புருஷனை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்கன்னு விளக்கம் வேற. தெரிஞ்சதும் அவ பஸ்ல வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் ஃபைலை மேல் விசாரணைக்குத் தள்ளிட்டாங்க. அப்பத் தள்ளினதுதான்.

அதுலேர்ந்து பரிசீலனையில் இருக்கு. காலைல எழுந்ததும் அவ போனைத் திறந்து பாப்பா, பரிசீலனையில் இருக்குன்னு வரும். வருஷம் மாறும், அவ போன் மாறும், அந்த வரி மட்டும் மாறாது. எனக்குத் தற்காலிகச் சீட்டு ஒண்ணு குடுத்திருக்கீங்க, அதைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ஓடுது. அதை வச்சுக்கிட்டு வெளிநாடு போனா திரும்பி வர முடியாது. எங்கம்மா இன்னும் மருமகளை போன்லதான் பாத்திருக்காங்க. முன்னாடியெல்லாம் எப்படா வருவேன்னு கேப்பாங்க. இப்பக் கேக்குறதில்ல.

இந்தாங்க, ஆல்பம். பாருங்க. எங்க போனாலும் போட்டோ எடுக்கணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. சும்மா கடைக்குப் போனாலும் எடுப்போம். தேதி, இடம் எல்லாம் பின்னாடி எழுதியிருக்கா, அவளுக்குக் கையெழுத்து அழகு. இது நல்லா இருக்குல்ல? எல்லாரும் இதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. இது பார்க்ல எடுத்தது. அன்னைக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை சார். வாழ்க்கைல அப்படி ஒரு சண்டை போட்டதில்ல. அவ அழுதுட்டா. அந்த அழுகைலயே, போட்டோ எடுக்கலையேன்னு அவளுக்கு ஞாபகம் வந்துடுச்சு. அந்த வழியா ஒருத்தர் நாயைக் கூட்டிட்டுப் போனாரு, அவரை நிறுத்திப் போனைக் குடுத்தா. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு என் தோள்ல சாஞ்சா. சிரிச்சோம். அவர் நல்ல ஜோடின்னு சொல்லிட்டுப் போனாரு. போனை வாங்கிப் பைல போட்டுட்டு, விட்ட இடத்துலேர்ந்து சண்டையை ஆரம்பிச்சோம்.

எதுக்கா? குழந்தைக்குத்தான் சார். எங்களுக்கு ஆசைதான், ரெண்டு பேருக்குமே. பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தோம். இந்த வக்கீல் ஒரு நாள் சும்மா இருக்காம, ஒரு குழந்தை இருந்தா கேஸுக்குப் பலமா இருக்கும்னாரு. அன்னைலேர்ந்து அவளுக்கு மனசு விட்டுப்போச்சு. என் வயித்துல வர்றது பிறக்கும்போதே போய் ஃபைல்ல உக்காரணுமான்னு கேட்டா. நிரந்தர அனுமதிக் கார்டு வரட்டும், அப்புறம் பெத்துக்கலாம், அப்பதான் அது நம்ம புள்ளைன்னா. நான் அன்னைக்குப் பார்க்ல, வயசு போகுதேன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குத் தெரியாததா? இப்ப அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசுறதில்ல. பேசி என்ன ஆகப் போகுது.

பேச்சா? பேசுறோமே. தயார் பண்ணுவோம் சார், அடுத்த நேர்காணலுக்கு. சமைக்கும்போது அவ கேப்பா, உன் ஷூ சைஸ் என்ன, என் முதல் வேலை எது, எனக்கு எந்த மருந்து ஒத்துக்காது. நான் சொல்லுவேன். அப்புறம் நான் கேப்பேன். இப்ப எங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது, எந்தக் கேள்வி வேணா கேளுங்க. ஆனா அந்தக் கேள்வி பதில் முடிஞ்சா வீடு கம்முன்னு ஆயிடும். டிவியைப் போட்டுடுவோம். அவ டேய்னு கூப்பிட்டே ரொம்ப நாளாச்சு. என்னங்கன்னும் கூப்பிடுறதில்ல. எதுவும் வேணும்னா பக்கத்துல வந்து நின்னுக்கிட்டுச் சொல்லுவா.

அந்த ரூமா? திறங்க, பூட்டல. கட்டில்தான் சார். ஆமா, ஒரு ஆள் படுக்கிறது. தலையணைகிட்ட இருக்கிறது அவ கண்ணாடி, அவ புஸ்தகம். ஒரு தடவை அவளுக்கு ஜலதோஷம் வந்துச்சு, எனக்கு ஒட்டிக்கும்னு இங்க வந்து படுத்தா. ஜலதோஷம் போயிடுச்சு. அவ திரும்பி வரல. நானும் கூப்பிடல. சண்டையெல்லாம் இல்ல சார். சண்டை போட்டாத்தான் பரவால்லையே.

எழுதிக்கங்க, எழுதிக்கங்க. அதைத்தானே பாக்க வந்தீங்க. நான்தான் பழக்கதோஷத்துல பிரஷ், சீப்புன்னு ஆரம்பிச்சுட்டேன். உங்க மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு யாராவது வாசல்ல நின்னாலே என் கை தானா அலமாரியைத் திறந்துடுது.

ஒரு விஷயம் சொல்லவா? வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவளை வந்து மொத்த டிபார்ட்மெண்ட்டையும் பாத்துக்கன்னு கூப்பிடுறாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டு இவ மாட்டேன்னுட்டா. என்கிட்ட மூச்சு விடல. விலாசம் மாறினா ஃபைல் வேற ஆபீஸுக்குப் போகும், மறுபடியும் முதல்லேர்ந்து. நான் இங்க, அவ அங்கன்னு இருந்தா சேர்ந்து வாழலைன்னு நீங்களே எழுதுவீங்க. இப்ப மூணாவது தடவையா கூப்பிட்டிருக்காங்க, இந்த மாசம் முடியிறதுக்குள்ள சொல்லணுமாம். அவ அவங்க அக்காகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தா, நான் படியேறி வந்தது தெரியாம. அவனுக்குக் கார்டு வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாதுக்கா, பாவம் அவன்னு சொன்னா.

பாவம்னு சொன்னா சார். கையில சிமெண்ட்டோட அந்தப் படியிலயே நின்னேன். என்னைத் திட்டியிருக்கா, அழுதிருக்கா, தட்டைத் தூக்கிப் போட்டிருக்கா, அதெல்லாம் புருஷனைப் பண்றது. பாவம்ங்கிறது அவ கிளினிக்குக்கு வர்றவங்களைச் சொல்றது. கால் உடைஞ்சவனைப் பாதி வழியில விட்டுட்டுப் போக மாட்டா அவ. அவ குணம் அது. நடக்கிற வரைக்கும் கையைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. நான் நடக்கப் போறதே இல்லைன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியல.

நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கலாம்தான், நீங்க கேக்குறது நியாயம். ஆனா விட மாட்டா சார். கிழிச்சுப் போட்டுட்டு மறுநாளே புதுசா விண்ணப்பம் போடுவா. இன்னும் இத்தனை வருஷம் உக்காருவா. நீங்க முடியாதுன்னு சொல்லணும். சர்க்கார் சொன்னாத்தான் அவ கேப்பா.

அதான் உங்க ஆபீஸுக்கு போன் பண்ணேன். ஆமா சார், அந்த போன் நான்தான். யாரோ பேர் சொல்லாதவர்னு உங்க பேப்பர்ல இருக்குமே, அது நான்தான். பக்கத்து வீட்டுக்காரங்களைப் போய்க் கேக்காதீங்க, பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பொய்க் கல்யாணம்னு நான் சொல்லல, அதைக் கவனிச்சுக்கங்க. சேர்ந்து வாழலைன்னுதான் சொன்னேன். அவ மேல ஒரு வார்த்தை தப்பா வரக் கூடாது. அவ எதையும் மறைக்கல. டேய்னு உண்மையைச் சொன்னவ சார் அவ.

இப்ப வந்துடுவா. வந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு அடிச்சுச் சொல்லுவா. கட்டிலுக்கு ஒரு காரணம் வச்சிருப்பா, கேட்டா நீங்களே நம்பிடுவீங்க. பேனாவை எடுத்துட்டீங்கல்ல, அவ படியேறுறதுக்குள்ள எழுதி முடிச்சுடுங்க. அவ உள்ள வந்து என் பக்கத்துல உக்காந்துட்டா, நானும் சேர்ந்து, இதெல்லாம் பொய், நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லிடுவேன்.